பரணில் கிடக்கும் கேசட், சிடி, ரெக்கார்டு: எதை வைப்பது, எதைக் கழிப்பது

போன தை மாதம் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து இறக்கியவை: ஆடியோ கேசட் 214, வீடியோ கேசட் 38, சிடி, விசிடி, டிவிடி எல்லாமாக 170 சொச்சம், இசைத்தட்டு 26. இத்தனையும் இருந்தது, இதில் ஒன்றைப் போட்டுக் கேட்க ஒழுங்காக ஓடும் கருவி ஒன்றுகூட வீட்டில் இல்லை. வெள்ளையடிக்கும் போதெல்லாம் இறக்குவோம், தூசி தட்டுவோம், "அப்படியே மேல வச்சிரு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அப்பா சொன்னதும் ஏற்றிவிடுவோம். இந்த முறை ஏற்றவில்லை. எல்லாம் சேர்ந்து இப்போது ஒரு ட்ரங்குப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

இந்த வேலையை முதல்முறை செய்யப்போகிறவர்களுக்காக, நான் செய்த வரிசையையும் நடுவில் செய்த கோளாறுகளையும் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்குதான். கடையில் காசு கொடுத்து வாங்கியது அநேகமாக வேறெங்காவது இருக்கும். வீட்டில் பதிந்தது உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும். ஆனால் கை என்னவோ எதிர்ப்பக்கம்தான் போகிறது. பளபளவென்று அட்டை போட்ட சினிமாப் பாட்டு கேசட்டை எடுத்து வைத்துக்கொள்கிறோம்; அட்டையில்லாமல், பால்பாயிண்ட் பேனாவில் ஏதோ கிறுக்கியிருக்கும் கேசட்டைக் குப்பையில் போடுகிறோம்.

இறக்குவதற்கு முன்

ஐப்பசி, கார்த்திகையில் தொடாதீர்கள். காற்றில் ஈரம் இருக்கும்போது பெட்டியைத் திறந்து பரப்பினால் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி. தை, மாசி நல்ல காலம். மூக்கை மூடிக்கொள்ளுங்கள், பழைய வீடியோ கேசட்டிலிருந்து வருவது வெறும் தூசி மட்டுமில்லை.

ஊறுகாய், வற்றல், மெத்தை என்று எதையும் மொட்டைமாடி வெயிலில் காயவைத்தே பழகியவர்கள் நாம். இவற்றை அப்படிக் காயவைக்கக் கூடாது. இசைத்தட்டு அப்பளம் மாதிரி வளைந்துவிடும், வீட்டில் எழுதிய சிடியின் சாயம் வெளுத்துவிடும். மின்விசிறி ஓடும் அறையில், தரையில் பாய் விரித்துப் பரப்பினால் போதும். பெட்டிக்குள் அந்துருண்டை போட்டு வைத்திருந்தால் அதை முதலில் வெளியே எடுங்கள். துணிக்குச் சரி, அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு ஆகாது.

எண்ணுங்கள். இது முக்கியம். கேசட்டைக் கணினியில் ஏற்றுவது ஃபைல் காப்பி பண்ணுவது மாதிரி நிமிஷத்தில் முடியாது. ஒரு மணி நேரம் ஓடும் கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம் வேண்டும். எங்கள் 214 கேசட்டையும் ஏற்றுவதென்றால் குறைந்தது 214 மணி நேரம். தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் மூன்றரை மாதம். "எல்லாத்தையும் ஏத்திட்டு அப்புறம் கழிப்போம்" என்று தொடங்கிய இரண்டு நண்பர்களை எனக்குத் தெரியும். இருவரும் பத்தாவது கேசட்டைத் தாண்டவில்லை. முதலில் பிரியுங்கள், பிறகு ஏற்றுங்கள்.

நான்கு குவியல்

முதல் குவியலில், கையெழுத்து இருக்கும் எல்லாம். எதுவுமே எழுதாத கேசட்டும் இதில்தான். காதுகுத்து, கல்யாணம், பள்ளி ஆண்டுவிழா, பிள்ளைகள் மழலையில் சொன்ன ரைம்ஸ், தாத்தா பாடிய தேவாரம், வீட்டுக் கொலுவில் யாரோ பாடியது, கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி முன்னால் டேப்பை வைத்துப் பிடித்த வில்லுப்பாட்டு. அட்டையில் "இளையராஜா ஹிட்ஸ்" என்று எழுதியிருந்தாலும் உடனே நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிந்த கேசட்டின் பின்பக்கத்தில், மிச்சமிருந்த இடத்தில் வீட்டார் எதையாவது பேசிப் பதிந்திருப்பார்கள். இரண்டு பக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் கொஞ்சம் ஓட்டிக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வளைகுடாவிலோ மலேசியாவிலோ ஆள் இருந்த வீடு என்றால் இன்னும் கவனம். தொலைபேசி அரிதாக இருந்த காலத்தில் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி, விடுமுறைக்கு ஊர் வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். எங்கள் சித்தப்பா சவூதியிலிருந்து சித்திக்கு அப்படி அனுப்பிய ஆறு கேசட்டுகள் இந்தக் குவியலில்தான் கிடைத்தன. ஒன்றின் மேல் "பக்திப் பாடல்கள்" என்று எழுதியிருந்தது. மாமியார் கண்ணில் படக்கூடாது என்று சித்தி எழுதி ஒட்டியதாம்.

இரண்டாவது குவியல், கடையில் வாங்கிய, இன்றும் இணையத்தில் கிடைக்கிறவை. சினிமாப் பாட்டு கேசட், படத்தின் விசிடி, டிவிடி எல்லாம் பெரும்பாலும் இங்கேதான் வரும். ஒவ்வொன்றிலும் மூன்று பாட்டைத் தேடிப் பாருங்கள், முழுக்கத் தேட வேண்டியதில்லை. பக்திப் பாட்டில் மட்டும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அதே பாட்டை, அதே பாடகர் பின்னாளில் புது வாத்தியங்களோடு மறுபடி பாடியது இருக்கும். உங்கள் கேசட்டில் இருப்பது பழைய பதிவாக இருக்கும். அது வேண்டுமென்றால் அடுத்த குவியலுக்கு மாற்றுங்கள்.

மூன்றாவது, கடையில் வாங்கியது, ஆனால் எங்கே தேடியும் இல்லாதது. சிறிய ஊரில் சின்ன கம்பெனி வெளியிட்ட ஒப்பாரி, கணியான் கூத்து, தெருக்கூத்து, உள்ளூர் தேவாலயப் பாடல், தர்கா உரூஸ் பாட்டு, பட்டிமன்றம், கட்சிப் பொதுக்கூட்டப் பேச்சு. சினிமாப் பாட்டைவிட இவைதான் சீக்கிரம் காணாமல் போகும். நாங்கள் வைத்துக்கொண்ட அச்சிட்ட கேசட்டுகள் ஒன்பதும் இந்த வகைதான்.

நான்காவது குவியல் உடைந்தவை, நாடா கசங்கியவை, பூஞ்சை பிடித்தவை. உடனே தூக்கிப் போடாதீர்கள். முதல் குவியலில் சேர வேண்டியது இதற்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, இருந்தால் தனிப் பையில் போட்டு முடிச்சுப் போடுங்கள்.

பிரிக்கும்போது வீட்டில் குரல் எழும்பும். "அது முப்பது ரூவா குடுத்து வாங்குனதுடா" என்றார் அப்பா. வாதாடவில்லை. ட்ரங்குப் பெட்டியைத் திறந்து அவர் முன்னால் வைத்து, "இதுக்குள்ள கொள்ற அளவு நீங்களே எடுத்துக்குங்கப்பா" என்றேன். மறுநாள் காலையில் பார்த்தால் அவர் நான் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் எடுத்திருந்தார். எதை வைக்கலாம் என்று கேட்டால் எல்லாம் வேண்டும் என்பார்கள். இவ்வளவுதான் இடம் என்றால் அவர்களே கழிப்பார்கள்.

கேசட்டை ஏற்றுவது

ஓடும் டேப் ரெக்கார்டர் ஒன்று வேண்டும். பழைய டூ-இன்-ஒன் இருந்தால் ரிப்பேர் கடையில் கொடுத்து பெல்ட் மாற்றச் சொல்லுங்கள்; பத்து வருஷம் சும்மா கிடந்த ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது உருகிப் பிசுபிசுத்திருக்கும். சென்னையில் ரிச்சி தெருவிலும், மற்ற ஊர்களில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சந்துகளிலும் இதைச் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாடாவைத் தொடும் ஹெட்டைப் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். செல்போன் சர்வீஸ் கடையில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். ஐந்தாறு கேசட்டுக்கு ஒருமுறை மறுபடியும்.

கேசட்டைப் போடுமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நாடா தெரியும் பக்கத்துக்கு எதிர் விளிம்பில், இரண்டு மூலையிலும் நகக்கண் அளவு பிளாஸ்டிக் பட்டை இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டின் மேல் யாரும் தவறிப் பதிய முடியாது. ஒரு பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால், இடது மூலையில் இருப்பது அந்தப் பக்கத்துக்குரிய பட்டை. கடையில் விற்ற கேசட்டுகளில் இந்த இடம் திறந்தே இருக்கும். வீட்டில் பதிந்ததில் பட்டை அப்படியே இருக்கும். இரண்டையும் உடைத்துவிட்டுத்தான் டேப்பில் போட வேண்டும்.

எனக்கு இது தெரியும். தெரிந்தும், சித்தப்பாவின் முதல் கேசட்டை ஆசையில் அப்படியே போட்டு, எழுத்து அழிந்துபோன பட்டன்களில் ப்ளேயோடு பக்கத்துப் பதிவுப் பட்டனும் சேர்ந்து அமுங்க, சுதாரித்து நிறுத்துவதற்குள் பதினொரு விநாடி போய்விட்டது. "நூருல்லா பாய் கையில அரிசிக்கு…" என்று சித்தப்பா ஆரம்பிக்க, நடுவில் எங்கள் வீட்டுக் குக்கர் விசில் ஒன்று, அம்மா "யாருடா அது, அடுப்பக் கொறை" என்பது, பிறகு மறுபடி சித்தப்பா.

பட்டை உடைத்ததும், முழு நாடாவையும் ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திருப்பிச் சுற்றுங்கள். வருஷக்கணக்கில் இறுகிக் கிடந்தது இளகும். 120 நிமிஷக் கேசட் என்றால் வேகமாக ஓட்டாமல், அறுகோணப் பென்சிலைக் கேசட்டின் பல் வைத்த துளையில் நுழைத்துக் கையால் சுற்றுவது நல்லது. அதன் நாடா மிக மெல்லியது, சிக்கிக்கொள்ளும். நாடாவைத் தாங்கும் சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தால் சத்தம் அடைத்த மாதிரி கேட்கும். கழிக்கப் போகிற கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம், அல்லது ஐந்து திருகாணி உள்ள கேசட் ஒன்றைத் திறந்து, நாடாச் சுருளை அதற்குள் மாற்றிவிடலாம். அறுந்த நாடாவை சாதாரண செல்லோடேப்பால் ஒட்டாதீர்கள். பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கென்றே ஸ்ப்ளைசிங் டேப் உண்டு.

டேப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயரை கணினியின் லைன்-இன் துளைக்கோ, அது இல்லையென்றால் யூஎஸ்பி ஆடியோ அடாப்டருக்கோ கொடுங்கள். கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். சத்தத்தின் உச்சம் மைனஸ் 6 டெசிபல் அளவைத் தாண்டாதபடி ஒலியளவை வையுங்கள். சிவப்பைத் தொட்டுக் கரகரத்த பதிவைப் பின்னால் சரிசெய்ய முடியாது. குறைவாக இருப்பதைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாம். ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் பதியுங்கள், வெட்டுவதெல்லாம் அப்புறம். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ என்றால் ஒரு மணி நேரத்துக்கு 635 எம்பி அளவு வரும். மூலப் பிரதியைத் தரம் குறையாத வேவ் (WAV) ஆகவோ ஃப்ளாக் (FLAC) ஆகவோ வைத்துக்கொண்டு, சொந்தக்காரர்களுக்கு அனுப்ப எம்பி3 போட்டுக்கொள்ளுங்கள்.

சத்தம் மந்தமாக, கம்பளிக்குள்ளிருந்து பேசுவது மாதிரி வந்தால், ஹெட்டின் ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகாணியை ஓடிக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். ச, ஷ ஒலிகள் பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். கேசட் பதிவான டேப்பின் ஹெட் இருந்த கோணமும் உங்கள் டேப்பின் கோணமும் ஒத்துப்போவதற்குத்தான் இது. பல பேர் "நாடா போச்சு" என்று கைவிடும் இடம் இது; நாடா போயிருக்காது.

வீடியோ கேசட்

இதைக் கூடிய சீக்கிரம் முடியுங்கள். கடைசியாக விசிஆர் (வீடியோ கேசட்டை ஓட்டும் டெக்) தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது; இப்போது இருப்பதெல்லாம் பழையதுதான், அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. கேசட்டின் ஜன்னல் வழியே நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாக மாவு தூவின மாதிரியோ நூலாம்படை மாதிரியோ இருந்தால் அது பூஞ்சை. அதை டெக்கில் போடவே கூடாது. ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பியது என்டிஎஸ்சி (NTSC) என்ற அந்த ஊர் டிவி முறையில் இருக்கும். நம் ஊர், சிங்கப்பூர் கேசட்டுகளும் வளைகுடாவின் பெரும்பாலான கேசட்டுகளும் பால் (PAL) முறை. வளைகுடாவிலிருந்து வந்த பழைய டெக்குகள் பல இரண்டையும் ஓட்டும்.

கருவி தேடி அலைய முடியாதவர்கள் ஊரில் உள்ள வீடியோ ஸ்டூடியோவில் கொடுக்கலாம். முதலில் இரண்டே கேசட் கொடுத்துப் பாருங்கள். எம்பி4 ஃபைலாகப் பென்டிரைவில் வேண்டும், டிவிடியாக வேண்டாம், அசல் கேசட் திரும்ப வேண்டும், எதையும் வெட்டவோ மேலே எழுதவோ கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் கொடுத்த ஒரு கடையில், அக்கா கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் திரையின் கீழே கடையின் பெயரும் போன் நம்பரும் ஓடுகின்றன.

சிடி, விசிடி, டிவிடி

எளிதான வேலை. யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கிக்கொண்டால் போதும். கடையில் அழுத்தி விற்ற சிடி பல வருஷம் தாங்கும். வீட்டிலோ ஸ்டூடியோவிலோ எழுதிய சிடிதான் முதலில் போகும், ஏனென்றால் அதில் தகவல் இருப்பது சாயத்தில். 2000-களில் ஸ்டூடியோக்காரர் கல்யாண ஆல்பத்தோடு கொடுத்த போட்டோ சிடி எங்கே என்று இன்றைக்கே தேடுங்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாக இல்லை. அடிப்பக்கக் கீறலைக் கொஞ்சம் பொறுக்கும். பெயர் அச்சிட்ட மேல்பக்கத்தில் கீறல் விழுந்தால் கதை முடிந்தது. சிடியில் தகவல் படலம் அந்தப் பக்கத்து வார்னிஷுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. ஒரு டிரைவ் படிக்க மறுத்த சிடியை இன்னொரு டிரைவ் படித்துவிடும், ஆகவே நண்பர் வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் கழிக்காதீர்கள். விசிடியில் இருக்கும் டேட் (.dat) ஃபைலையும் வீட்டில் எழுதிய டிவிடியின் ஃபோல்டரையும் அப்படியே காப்பி செய்துகொண்டால் விஎல்சி என்ற இலவச மென்பொருளில் ஓடும்.

இசைத்தட்டு

நின்ற வாக்கில் வையுங்கள், அடுக்கினால் நெளியும். வினைல் தட்டை வாலை வடிநீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, லேபிள் நனையாமல் மென்மையான துணியால் சுற்றுவாக்கில் துடைக்கலாம். நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் கனமான பழைய தட்டு அரக்கில் செய்தது. ஆல்கஹால் பட்டால் அரக்கு கரையும். கேசட் ஹெட் துடைத்த பஞ்சோடு அதன் பக்கம் போகாதீர்கள். கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும். அதற்கு ஊசியும் வேறு. 33 சுற்றுத் தட்டின் ஊசி அதன் அகலமான பள்ளத்தில் சரியாக உட்காராது. கேட்கும் எண்ணம் இல்லையென்றால், இந்த நான்கு வகைகளில் நல்ல விலைக்குப் போகக்கூடியது இசைத்தட்டு ஒன்றுதான். உறையும் தட்டும் இரண்டும் நன்றாக இருந்தால்தான் விலை. வெளிச்சத்தில் சாய்த்துப் படம் எடுத்து, கீறலை மறைக்காமல் காட்டி விற்றால் பிறகு தலைவலி இல்லை.

பெயர் வைப்பது

ஏற்றிய ஃபைல் "ட்ராக் 01" என்று கிடந்தால் பரணில் கிடந்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. வருஷம், இடம், ஆள் என்ற வரிசையில் பெயர் வையுங்கள்: 1991_தம்மாம்_சித்தப்பா_பக்கம்1. வருஷம் முதலில் வந்தால் தானே வரிசையாக நிற்கும். குரல்கள் யாருடையவை என்று வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்துக் கேட்டு, ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பிரதிகள்: ஒன்று கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் தம்பி தங்கை வீட்டிலோ கிளவுடிலோ. வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினால் அது பிழிந்து சிறிதாக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுப்பது வேறு, கடையில் வாங்கிய கேசட்டை யூடியூபில் ஏற்றுவது வேறு. இரண்டாவதில் இறங்காதீர்கள்.

கழிப்பது

மூன்றாவது குவியலில் நீங்கள் வைத்துக்கொள்ளாததை ஆவணக் காப்பகங்களிடம் கேட்டுப் பாருங்கள். சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒருவர் தனியாகச் சேர்த்து வைத்ததிலிருந்து 1994-இல் உருவானது. நம் வீட்டுக் குப்பை ஒருவருக்குப் பொக்கிஷம் என்பது அவர்களுக்குப் புதிதில்லை. மூட்டை கட்டிக்கொண்டு போய் நிற்காமல், பட்டியல் தயாரித்து முதலில் அனுப்புங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவர்களிடமும் இடம் அளவாகத்தான் இருக்கும்.

சொந்தப் படங்கள், கணக்கு வழக்கு உள்ள சிடியை மேல்பக்கத்தில் ஆணியால் நாலு கோடு இழுத்துவிட்டுப் போடுங்கள். உடைப்பதென்றால் பழைய துணியில் சுற்றி உடையுங்கள், சில்லு கண்ணுக்குத் தெறிக்கும். கேசட்டின் வெளிக்கூடு, சிடி உறை ஆகியவற்றை நாடா நீக்கிக் கொடுத்தால் சில காயலான் கடைகளில் எடுத்துக்கொள்வார்கள், சிலர் மாட்டார்கள். நாடாவை வயலில் குருவி விரட்டக் கட்டுவது உண்டு. காற்றில் விர்ரென்று சத்தம் போட்டுப் பளபளக்கும். எங்கள் மாமா கேட்டார். அறுவடைக்குப் பிறகு அவிழ்க்க மாட்டார், துண்டு துண்டாக மண்ணில் கிடக்கும் என்பது தெரிந்ததால் கொடுக்கவில்லை. மொட்டைமாடித் தொட்டிச் செடிகளுக்கு மேல் தொங்கவிட ஐந்தாறு சிடி மட்டும் கொடுத்தேன், அதைக் கழற்றுவது எளிது. போகியில் போட்டுக் கொளுத்தும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். வினைல் இசைத்தட்டு பிவிசி என்ற பிளாஸ்டிக்; எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், தெருவே இருமும். ஓடாத டேப், டெக், பிளேயர் ஆகியவை மின்னணுக் கழிவு. உள்ளே கசிந்த பேட்டரிகளை எடுத்துவிட்டு, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடமோ அவர்களுக்காகச் சேகரிப்பவர்களிடமோ கொடுங்கள்.

கடைசியில் எங்கள் வீட்டில் கணினியில் ஏற்றியது 31 கேசட், 11 வீடியோ. மூன்று மாதம் ஆனது. சித்தப்பா கேசட்டுகளைத் தனிப் பையில் போட்டுச் சித்தி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். சித்தப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சித்தி பையைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "பென்டிரைவ்ல போட்டுக் குடு, டிவில கேட்டுக்கிறேன். கேசட்டு வேணாம், வைக்க எடமில்ல. இந்த மனுசன் பேசுறதத்தான் தெனம் நேர்லயே கேக்குறேனே."

முதல் கேசட்டைப் போட்டுக் காட்டினேன். சித்தப்பா பேப்பரைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டே வந்தவர், விசில் வந்ததும், "அங்க எங்க ரூம்ல குக்கரே கெடையாதே" என்றார்.